கழுத்துப் பட்டை கட்டிய பெங்குவின்

மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டுக்கு வரும் பஸ்ஸில் ஜன்னல் ஓரமாகப் பெங்குவின் உட்கார்ந்திருந்தது. அதற்கு இந்தப் பக்கம் நான். எனக்கு இந்தப் பக்கம் என் சிநேகிதி மைமூன். அவள் அம்மா முன் சீட்டில், எங்களைத் தெரியாதவர் போல முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார்.

உயிருள்ள பெங்குவின் அல்ல. தகரத்தைப் பறவை வடிவத்தில் வெட்டி, பின்னால் மரச்சட்டம் அடித்து, பெயிண்ட் பூசிய விளம்பரப் பலகை. மூன்றடி உயரம் இருக்கும். காலில் உப்புக் காற்று தின்ற துரு. உடம்பெல்லாம் மீன் வாடை.

கண்டக்டர் வந்தார். எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“யம்மா, இன்னா இது? ஆளா, சாமானா?”

“பெங்குவின்” என்றேன்.

“அது இன்னாவோ இருக்கட்டும். சாமான்னா டாப்புல போடு. ஆளுன்னா டிக்கெட்டு வாங்கு.”

“டாப்புல போட்டா பெயிண்ட் உதிர்ந்துடும் அண்ணே.”

“அப்ப மடியில வெச்சிக்கோ. கைக்கொழந்தன்னு நெனச்சிக்கிறேன்.”

பஸ் முழுக்கச் சிரித்தது. நான் பெங்குவினைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். மைமூன் தலை குனிந்து தன் செருப்பை ஆராய்ந்தாள்.

திருக்கழுக்குன்றத்தில் ஒருவர் ஏறினார். கையில் தேங்காய் மூடி, நெற்றியில் வியர்வையில் கரைந்த விபூதி. மத்தியானம் மலை மேல் கழுகுகளுக்கு அமுது வைப்பதைப் பார்த்துவிட்டு இறங்கியவர் என்று பார்த்தாலே தெரிந்தது. பெங்குவினையே வெகுநேரம் பார்த்தார்.

“இது எந்த ஊரு பட்சிம்மா?”

“தென் துருவம்.”

“அங்கயும் மத்தியானம் கரெக்டா சோத்துக்கு வந்துடுமா?”

 அந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அந்தப் பஸ்ஸில் என் பெங்குவினைப் பறவை என்று ஒப்புக்கொண்டவர் அவர் ஒருவர்தான்.

இரண்டு கேள்விகள்

சைக்கிள் கற்றுக்கொண்டு கொளவாய் ஏரிக்கரையில் விழுந்து எழுந்த கதையைப் போன வாரம் இந்தப் பத்திரிகையில் எழுதியிருந்தேன். அதில் போகிற போக்கில் “என் பெங்குவின் பெட்டி” என்று எழுதிவிட்டேன். அது போதும், கடிதங்கள் வந்துவிட்டன. பெங்குவின் என்றால் என்ன என்று கேட்டவர்கள் உண்டு. கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு இந்த வேலையெல்லாம் எதற்கு என்று கேட்டவர்களும் உண்டு. முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

அது தென் துருவத்துப் பனியில் வாழும் பறவை. பறக்காது, நீந்தும். முதுகு கறுப்பு, வயிறு வெளுப்பு. மனிதர் போல நிமிர்ந்து நிற்கும். நடந்தால் இரண்டு பக்கமும் ஆடும். செங்கல்பட்டு வெயிலில் பிறந்து வளர்ந்த ஒருத்திக்கு இதைவிடப் பிடித்துப்போகக்கூடிய ஜீவன் உலகத்தில் இருக்க முடியுமா?

அப்பா வக்கீல் குமாஸ்தா. அவருடைய வக்கீலின் பெயரை நான் எழுதப் போவதில்லை. செங்கல்பட்டுக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்குத் தெரிந்து பயனில்லை. வீட்டில் நாங்கள் “வக்கீல் ஐயா” என்போம். கிரிமினல் வழக்குகளில் கெட்டிக்காரர். குள்ளம், நல்ல கனம். கோர்ட்டில் அவர் எழுந்து பேசினால் வெளியே புளியமரத்தடியில் நிற்கும் கட்சிக்காரனுக்குக் கேட்கும். அந்தத் தொண்டைக்காக நாள் முழுக்க இருமல் மிட்டாய் சப்புவார். சீமைச் சரக்கு, தட்டையான தகர டப்பாவில் வரும்.

காலி டப்பாவை அப்பா வீட்டுக்குக் கொண்டுவருவார். அம்மா அதில் ஊசியும் பொத்தானும் போட்டு வைப்பாள். நான் எட்டாம் வகுப்புப் படித்தபோது ஒரு நாள், பொத்தான் எடுக்கப் போன இடத்தில் மூடியை முதன்முதலாக உற்றுப் பார்த்தேன். பனிக்கட்டி மேல் ஒரு பறவை, வாயைத் திறந்து, யாருக்கோ நியாயம் சொல்வது போல நின்றது.

அன்றைக்குப் பொத்தான் தைக்கவில்லை.

எண் போட்டு, நூல் கட்டி

அதற்குப் பிறகு எங்கே பார்த்தாலும் பெங்குவின் தட்டுப்பட ஆரம்பித்தது. தேடாத வரை ஒன்றும் இருக்காது. தேட ஆரம்பித்தால் தீப்பெட்டியில்கூட இருக்கும். இருந்தது. பனிப் பறவையைத் தீப்பெட்டிப் படத்தில் போட்ட மகானுபாவர் யாரோ, அவர் வாழ்க.

பூகோளம் நடத்திய டீச்சர், தென்கோடித் தீவு ஒன்றின் தபால்தலை கொடுத்தார். அதில் ஒரு மூலையில் திமிங்கிலம், ஒரு மூலையில் பெங்குவின், நடுவில் ராஜா. ஜவுளிக் கடைத் துணிக்கட்டில் ஒட்டிவந்த ஜிகினாப் படம் ஒன்று. மூர் மார்க்கெட்டில் என் சித்தப்பா வாங்கிவந்த செல்லுலாய்டு பொம்மை ஒன்று, தட்டினால் ஆடி ஆடி நிமிரும். மைமூன் கைக்குட்டையில் பூத்தையல் போட்டுக் கொடுத்தது ஒன்று. அதற்கு முழங்கால் இருக்கிறது, சொன்னால் கோபித்துக்கொள்வாள்.

மாமல்லபுரத்தில் கல் வேலை செய்யும் ஒருவரிடம் படத்தைக் காட்டி, சாண் உயரத்தில் ஒன்று கேட்டேன். அழகாகச் செய்திருந்தார், தாமரைப் பீடத்தோடு. “பீடம் எதுக்குங்க?” என்றேன். “பின்ன மொட்டையாவா நிறுத்தறது? கை வர்ல தாயி” என்றார்.

சேர்த்தால் போதுமா? வரிசைப்படுத்த வேண்டாமா? எனக்குத் தெரிந்த வரிசை ஒன்றே ஒன்றுதான். கொலை வழக்கில் கத்தி, கழி, ரத்தக்கறை வேட்டி என்று சாட்சியப் பொருள்கள் வரும். ஒவ்வொன்றுக்கும் “எம்.ஓ.” என்று எண் எழுதிய அட்டையை நூலில் கட்டித் தொங்கவிடுவது கோர்ட்டு வழக்கம். அப்பா அதைப் பற்றி வீட்டில் பேசிக்கொண்டே இருப்பார். ஆகவே என் டப்பா மூடி எம்.ஓ. ஒன்று ஆனது. தபால்தலை எம்.ஓ. இரண்டு. பழுத்துப்போன வழக்குக் கட்டு அட்டைகளை வெட்டி, சிவப்பு நூல் கோர்த்து, எல்லாவற்றுக்கும் கட்டினேன்.

சட்டமும் வைத்தேன். பொருளில் பெங்குவின் கண்ணுக்குத் தெரிய வேண்டும். நான் வரைந்தது சேராது. பிறர் கொடுத்தது, கிடந்தது, மாற்றிக்கொண்டது மட்டுமே சேரும்.

அப்பா பெட்டியைத் திறந்து பார்த்தார். அட்டைகளைப் பார்த்தார். “முடிச்சு லூசா கீது” என்றார்.  அப்பா தமாஷ் பேசி நான் கேட்டதில்லை. அவருடைய சிரிப்பும் கட்சிக்காரர் ரகசியம் போல, வெளியே விடமாட்டார்.

வக்கீல் டிப்போ

எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, ஆசிரியர் பயிற்சிக்கு மனுப் போட்டுவிட்டு, சும்மா இருந்த வருஷம். என்னைப் போன்றவளுக்குச் சும்மா இருப்பது ஜுரம் மாதிரி. அப்போதுதான் மைமூன் சொன்னாள், அவளுடைய மாமு காதர் பாய் மாமல்லபுரத்தில் வைத்திருக்கும் ஐஸ் டிப்போ வாசலில் ஆள் மாதிரி ஒரு பறவை நிற்கிறது என்று.

அவள் வீட்டார் போகும்போது ஒட்டிக்கொண்டு போனேன். டிப்போ என்றால் கீற்றுக் கொட்டகை. உள்ளே மரத்தூளுக்குள் புதைத்த ஐஸ் பாளங்கள். மீன்காரப் பெண்கள் கூடையோடு காத்திருந்தார்கள். வாசலில், என்னுடையது!

பார்த்தவுடன் “என்னுடையது” என்று தோன்றிவிட்டது. அதுதான் இந்த வியாதியின் லட்சணம்.

மார்பை முன்னே தள்ளி, ஒரு கையை, அதாவது இறக்கையை, இடுப்புக்குப் பின்னால் வைத்து, தலையைச் சற்றே மேலே தூக்கி நின்றது. கறுத்த கழுத்தில் கத்தரிக்கோலை விரித்தாற்போல் இரண்டு சின்ன வெள்ளைக் கோடுகள். இறகாக்கும் என்று நினைத்தேன். எத்தனையோ பெங்குவின் பார்த்திருக்கிறேன். இத்தனை தன்னம்பிக்கையோடு நின்ற ஒன்றைப் பார்த்ததில்லை.

“இதைக் கழட்டப் போறேன் பாப்பா” என்றார் காதர் பாய். “ஐஸுக்கு ஏத்த படம்னு, கப்பல்ல வேலை செஞ்சப்ப பார்த்ததை நெனப்பு வெச்சி போடச் சொன்னேன். இந்தப் பொம்பளைங்க இன்னா பேரு வெச்சிருக்காங்க தெரியுமா? வக்கீல் டிப்போ!”

கூடையோடு நின்ற ஒரு பெண் சிரித்தாள். “பின்ன இன்னா பாய்? கருப்பு கோட்டு போட்டுகினு நிக்கிறாரு. ஐஸு வாங்க வந்தா பீஸு கேப்பாருன்னு பயமா கீது!”

“கேட்டியா? மீன் படம் போட்டுக்கறேன். இதை நீ எடுத்துக்க. ஆனா ஒரு வேலை செய். பட்டணத்து ஐஸ் பாக்டரிக்காரன் பாளத்தைப் பாதி கரைஞ்சப்புறம்தான் அனுப்பறான். இங்கிலீஷ்ல காட்டமா ஒரு லெட்டர் எழுது.”

எழுதினேன். வக்கீல் குமாஸ்தா பெண்ணுக்குக் காட்டம் சொல்லித்தர வேண்டுமா? ‘நோட்டீஸ்’ என்றே தலைப்புப் போட்டேன். பாய்க்குப் பரம திருப்தி. அப்படித்தான் எம்.ஓ. நாற்பத்தொன்று என் மடியில் உட்கார்ந்து பஸ்ஸில் வந்தது.

வாசலில் வெயில் காய்ந்தது

மீன் வாடையோடு அதை வீட்டுக்குள் விட அம்மா சம்மதிக்கவில்லை. மறுநாள் காலை சோப்புப் போட்டுக் கழுவி, வெயில் படட்டும் என்று தெருவைப் பார்த்து வாசலில் நிறுத்தினேன். நிறுத்திவிட்டு, தாங்க முடியாத பெருமையோடு உள்ளே காப்பி குடிக்கப் போனேன்.

வக்கீல் ஐயா தினமும் காலையில் ஏரிக்கரைக்கு நடந்துபோய்த் திரும்பும் வழி எங்கள் தெரு. அது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் இரண்டையும் சேர்த்துப் பார்க்க அன்றைக்குத் தோன்றவில்லை.

நடந்ததைப் பின்னால் தெரிந்துகொண்டேன். கூட வந்த ஜூனியர் வக்கீல்தான் முதலில் பார்த்தாராம். பார்த்ததும் இருமினாராம். இருமல் நிற்கவில்லையாம். வக்கீல் ஐயா திரும்பிப் பார்த்தாராம். எங்கள் தெருப் பிள்ளைகள் பலகைக்கு முன்னால் நின்று, அவரையும் பார்த்து, பலகையையும் பார்த்து, சிட்டாகப் பறந்துவிட்டார்களாம்.

மத்தியானம் அப்பா வீட்டுக்கு வந்தார். கோர்ட்டு நாளில் மத்தியானம் அவர் வந்ததே இல்லை. செருப்பைக் கழற்றாமல் நின்றார்.

“கமலா. வாசல்ல ஐயாவை நிறுத்தி வெச்சிருக்கியாமே.”

“ஐயாவா? அது பெங்குவின்பா!”

“ஜூனியர் எதிர்லயே கேட்டாரு. ‘முனுசாமி, பத்தொம்பது வருஷமா நம்ம கிட்ட இருக்கியே, உன் வீட்டு வாசல்ல நம்மளை வெச்சி நையாண்டி பண்றாங்களே’ன்னு. நான் என்ன பதில் சொல்றது?”

“பறவைன்னு சொல்றது!”

“கழுத்துல பட்டை கட்டிகினு ஒரு பறவை உண்டா?”

அப்போதுதான் உற்றுப் பார்த்தேன். இறகு என்று நான் நினைத்த இரண்டு வெள்ளைக் கோடுகள், வக்கீல்கள் கோர்ட்டுக்குப் போகும்போது கழுத்தில் கட்டும் இரட்டை நாக்குப் பட்டை. சந்தேகமே இல்லை. தினம் இஸ்திரி போட்ட பட்டைகளை அப்பா கையில் பார்த்தவள் நான், பலகையில் பார்க்கத் தெரியவில்லை.

“நாளைக்குள்ள எல்லாம் போயிடணும்” என்றார் அப்பா. “அது மட்டும் இல்ல. அந்தப் பெட்டியும். வெந்நீர் அடுப்புக்கு ஆவும்.”

நாற்பத்தொரு பெங்குவின்களும்!

அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்பா கையைக் காட்டினார்.

வாய்தா

அழுதால் அப்பா இறங்கமாட்டார். கத்தினாலும் மாட்டார். அவர் இறங்கும் படி ஒன்றே ஒன்று இருந்தது. அதில் கால் வைத்தேன்.

“எதிர்க்கட்சியை விசாரிக்காம தீர்ப்பு சொல்லலாமாப்பா?”

அப்பா செருப்பைக் கழற்றினார். அது நல்ல அறிகுறி.

“சாட்சி இருக்கா உன்கிட்ட?”

“நாற்பது இருக்கு. வரைஞ்ச ஆளையும் கேக்கணும். ஒரு வாய்தா குடுங்க.”

வாய்தா என்ற சொல்லுக்கு எதிராகப் பத்தொன்பது வருஷக் குமாஸ்தாவால் ஒன்றும் செய்ய முடியாது. ஒரு வழக்கு வாய்தா இல்லாமல் முடிந்து அவர் பார்த்ததே இல்லை.

“நாளை சாயங்காலம். ஐயா ஆபீஸ்ல. நீயே வந்து சொல்லிக்க. நான் வாயத் திறக்கமாட்டேன்” என்றார். சாப்பிடாமலே கோர்ட்டுக்குத் திரும்பிப் போனார். தெருக்கோடி வரை பார்த்துக்கொண்டு நின்றேன். என் பெட்டியைப் பற்றிய கவலை அதற்குள் பாதியாகி, மீதி இடத்தை அப்பாவின் குனிந்த முதுகு எடுத்துக்கொண்டது.

பெயிண்டரின் வாக்குமூலம்

காதர் பாய் பலகை எழுதச் சொன்னது செங்கல்பட்டு ஸ்டேஷன் ரோட்டுப் பெயிண்டர் மாணிக்கத்திடம். மைமூனையும் இழுத்துக்கொண்டு அங்கே ஓடினேன். என் யோசனை சுலபமானது. “நான் வரைந்தது பறவைதான், அந்த வெள்ளை வெறும் இறகு” என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் வழக்கு முடிந்தது.

மாணிக்கம் ஏணி மேல் இருந்தார், காதில் பீடி, கையில் பிரஷ்.

“பாய் டிப்போ பட்சியா? மறக்க முடியுமா? படம் எதுனா குடு பாய்னா படமே இல்லன்றாரு. வாயால சொல்றாரு. கருப்பு கோட்டு போட்டா மாதிரி இருக்கும், வெள்ளை சட்டை, தொந்தி, நெஞ்ச நிமித்திகினு ஆடி ஆடி நடக்கும்னு. நானு எங்கே போறது அப்பிடி ஒண்ணுக்கு?”

“அப்புறம்?”

“நைட்டெல்லாம் ரோசன. காத்தால கோர்ட்டாண்ட போனேன். உங்க நைனாவோட வக்கீலு படியெறங்கி வர்றாரு. அடடா, இதாண்டா பட்சி!”

மைமூன் என் கையைக் கிள்ளினாள்.

“அவரு பேரு போர்ட நானு எழுதினப்ப ஒரு மணி நேரம் என் தலை மேல நின்னு இது கோணல், அது கோணல்னாரு. ஒரு கையி பின்னால, தலைய மேல தூக்கிகினு. அந்த போஸு அப்பிடியே கண்ணுல நின்னுகினு கீது. அதயே போட்டேன். பட்டை மட்டும் வுட்டா நல்லா இல்ல, அதையும் போட்டேன்.”

“அண்ணே, இதை அவர் கிட்ட சொல்லணும்னா உங்க பேரைச் சொல்லலாமா?”

மாணிக்கம் ஏணியிலிருந்து குனிந்து என்னைப் பார்த்தார். “ஆள பார்த்த ஒடனே தெரிஞ்சிகினாரு இல்ல? அப்ப நல்லா வரைஞ்சிருக்கேன்னுதானே அர்த்தம்? தாராளமா சொல்லு!”

திரும்பி வரும்போது மைமூன் சொன்னாள்: “வேணாம்டி. இறகுன்னு சொல்லிடு. அவரு தென் துருவத்துக்குப் போய்ப் பாக்கவா போறாரு?”

நியாயமான யோசனை. இரவு சாப்பாட்டின்போதும் அது நியாயமாகவே இருந்தது.

விசாரணை

மறுநாள் சாயங்காலம் கட்சிக்காரர்கள் போன பிறகு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வக்கீல் ஐயா ஆபீசுக்குப் போனேன். பலகையை மைமூன் தூக்கிவந்து வாசலில் வைத்துவிட்டு ஓடிவிட்டாள். ஜூனியர் ஜன்னல் பக்கம் நின்றிருந்தார். அப்பா மூலையில் தரையில் உட்கார்ந்து வழக்குக் கட்டுகளுக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தார். என்னை நிமிர்ந்தே பார்க்கவில்லை.

“சொல்லும்மா” என்றார் வக்கீல் ஐயா. கோபமாக இல்லை. அதைவிட மோசம், மரியாதையாக இருந்தார்.

மேஜை மேல் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். எம்.ஓ. இரண்டு, தபால்தலை. எம்.ஓ. மூன்று, தீப்பெட்டிப் படம். அவர் அட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். புருவம் கொஞ்சம் உயர்ந்தது.

“எண் போட்டது யார்? முனுசாமியா?”

“நான்தான் சார்.”

கல் பெங்குவினின் பீடத்தைத் தட்டிப் பார்த்தார். கைக்குட்டையை விளக்குக்குக் காட்டிப் பார்த்தார். “இதுக்கு முழங்கால் இருக்கே?” என்றார். எவ்வளவு கூர்மையான கண்!

“சரி. இப்படி ஒரு பறவை இருக்கு. ஒப்புக்கறேன்.” கண்ணாடியைக் கழற்றினார். குறுக்கு விசாரணைக்கு முன் அவர் கண்ணாடியைக் கழற்றுவார் என்று அப்பா சொல்லியிருக்கிறார். “இந்த நாற்பதில் ஏதாவது ஒன்றுக்குக் கழுத்தில் பட்டை உண்டா?”

“இல்லை சார்.”

“வாசல்ல நிக்கறதுக்கு மட்டும் எப்படி வந்தது?”

இறகு என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் மேஜை மேல் அத்தனை சாட்சிகளும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்றின் கழுத்திலும் வெள்ளை இல்லை. மூலையில் அப்பாவின் நூல் நின்றுவிட்டது.

“அது... உங்களைப் பார்த்து வரைஞ்சது சார்.”

ஜூனியர் ஜன்னலை நன்றாகத் திறந்தார்.

“பெயிண்டர் மாணிக்கம், பாய் வாயால சொன்னதை வெச்சு வரைஞ்சாரு. பறவையை அவர் பார்த்ததில்லை. உங்களைத்தான் பார்த்திருக்காரு. நையாண்டி இல்லை சார். கம்பீரமா ஒண்ணு வேணும்னு தேடினப்ப நீங்கதான் கண்ணுல பட்டீங்களாம். எனக்கு அது தெரியாது. எங்கப்பாவுக்கு எதுவுமே தெரியாது.”

 வெளியே ஒரு ஜட்கா வண்டியின் சத்தம் தேய்ந்தது. வக்கீல் ஐயா கையை நீட்டி, பெட்டிக்குள் கடைசியாகக் கிடந்த தகர மூடியை எடுத்தார். அட்டையைப் படித்தார்.

“எம்.ஓ. ஒண்ணு. இது என் மிட்டாய் டப்பா இல்லையோ?”

“ஆமாம் சார். அதிலேருந்துதான் எல்லாம் ஆரம்பம்.”

கோட்டுப் பையில் கைவிட்டு, தன் டப்பாவை எடுத்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அதே பனிக்கட்டி, அதே பறவை, அதே திறந்த வாய்.

“தினம் இருபது தடவை திறந்து மூடறேன்” என்று மெல்லச் சொன்னார். “இப்பத்தான் பாக்கறேன்.” பிறகு கேட்டார்: “இது எப்படி நடக்கும்?”

இங்கேதான் நான் கெட்டேன். என்னிடம் யாராவது பெங்குவினைப் பற்றிக் கேட்டால் எனக்கு இடமும் தெரியாது, ஆளும் தெரியாது.

“காட்டறேன் சார்!” என்று கைகளை விலாவோடு ஒட்டி, குதிகால்களைச் சேர்த்து, மார்பை நிமிர்த்தி, மேஜையிலிருந்து அலமாரி வரை ஆடி ஆடி நடந்தேன். அலமாரியில் திரும்பி, பாதி வழி வந்தபோதுதான் ஜூனியரின் முகத்தைப் பார்த்தேன். அவர் கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டிருந்தார். அப்பா கண்ணை மூடியிருந்தார்.

அந்த நடை யாருடையது என்று அப்போது எனக்கும் தெரிந்துவிட்டது. ஒரு காலைத் தூக்கியபடி அப்படியே நின்றேன்.

வக்கீல் ஐயா கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

“வேகம் ஜாஸ்தி” என்றார். “நான் இவ்வளவு வேகமா நடக்கறதில்லை.”

அதற்கு மேல் ஜூனியரால் முடியவில்லை. வெடித்துவிட்டார். வக்கீல் ஐயாவின் தொந்தி முதலில் குலுங்கியது. சத்தம் பிறகுதான் வந்தது. அவர் சிரித்தது புளியமரம் வரை கேட்டிருக்கும்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். “பறவை பெட்டியோட உன்கிட்டயே இருக்கட்டும். ஆனா பட்டையை அழிச்சுடணும். சன்னது வாங்காம எவனும் பட்டை கட்டி நிக்கக்கூடாது. அது சட்டம்.”

வெளியூர் வாசகர்களுக்காக: சன்னது என்பது வக்கீல் தொழில் செய்யக் கொடுக்கும் அனுமதிப் பத்திரம்.

சன்னது

மாணிக்கமே டர்பென்டைன் கொண்டுவந்து, பட்டையைத் துடைத்து, கறுப்புப் பூசினார். “உசுரே போச்சு பாப்பா. இப்ப வெறும் பட்சி” என்று முனகிக்கொண்டே போனார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. வெளியே சொல்லவில்லை, மற்ற நாற்பதும் அடுப்புக்குத் தப்பியதே பெரிது. பலகையைத் தெருவைப் பார்க்காமல் கிணற்றடியில் நிறுத்தினேன். அம்மா அதன் தலையில் அடுப்படிப் பிடிதுணியைக் காயப்போட்டாள்.

மூன்று வாரமோ நான்கு வாரமோ போயிருக்கும். அப்பா கோர்ட்டிலிருந்து வந்து, ஒரு நீளக் கவரை என் முன்னால் வைத்தார். வைத்துவிட்டுக் கை கால் கழுவப் போய்விட்டார்.

உள்ளே ஒரு ஜோடிப் பட்டை. பழையது, ஓரம் கொஞ்சம் நைந்தது, ஆனால் வெளுத்து, கஞ்சி போட்டு, மடிப்புக் கலையாமல். கூடவே ஒரு துண்டுக் காகிதம். வக்கீல் ஐயாவின் கிறுக்கல்: “சன்னது வழங்கப்பட்டது. இனிக் கட்டலாம்.”

பட்டையின் மூலையில் சிவப்பு நூலில் ஓர் அட்டை தொங்கியது. எம்.ஓ. நாற்பத்திரண்டு. எழுத்து அப்பாவுடையது. முடிச்சு லூசாக இல்லை.

என் சட்டப்படி அது சேராது. அதில் எங்கே தேடினாலும் பெங்குவின் கிடையாது. ஒரு நிமிஷம் யோசித்தேன். பிறகு கிணற்றடிக்குப் போய், பிடிதுணியை எடுத்துப் போட்டுவிட்டு, அதன் கழுத்தில் கட்டினேன். சட்டம் வைத்தவளே திருத்தவும் செய்யலாம்.

இப்போது செய்யூரில் பள்ளிக்கூட வேலை. ஜன்னலைத் திறந்தால் சவுக்குத் தோப்பு. பெட்டி என்னோடு வந்துவிட்டது, எண்ணிக்கை எழுபதைத் தாண்டிவிட்டது. நாற்பத்தொன்று மட்டும் பஸ்ஸில் இன்னொரு தடவை மடியில் உட்கார மறுக்கும் அளவுக்குப் பெரிய மனிதராகிவிட்டதால், செங்கல்பட்டு வீட்டிலேயே நிற்கிறது. இப்போது கூடத்தில்.

போன லீவுக்குப் போனபோது அதன் கழுத்து வெறுமையாக இருந்தது. திடுக்கிட்டு அம்மாவைக் கேட்டேன்.

“சலவைக்குப் போயிருக்குடி” என்றாள். “மாசா மாசம் உங்கப்பா அவுத்து, ஐயா துணியோட சேத்துப் போடறாரு. வெளுக்கறவன் கேட்டானாம், ‘ஒரு ஜோடி அதிகமா வருதே, யாருதுங்க’ன்னு.”

“அப்பா என்ன சொன்னாராம்?”

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“‘புதுசா ஒரு ஜூனியர் சேர்ந்திருக்காருப்பா’ன்னாராம்.”